9 சென்டிமீட்டர் சதுரம்: அப்போஸ்டில் பிறந்த கதை

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ கிளம்புகிற வீடுகளில் அப்போஸ்டில் என்ற சொல் இன்று சாதாரணமாகப் புழங்குகிறது. "டிகிரிக்கு அப்போஸ்டில் போட்டாச்சா?", "பிறப்புச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் கேக்கறாங்களாம்" என்று டிராவல்ஸ் கடைகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் பேச்சு அடிபடுகிறது. சான்றிதழின் பின்பக்கத்தில் ஒட்டித் தரும் ஒரு ஸ்டிக்கர், அதற்குள் எண் போட்ட பத்து வரிகள், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு நாட்டின் காகிதத்தை எதை வைத்து நம்புவது என்ற பழைய சிக்கல் அந்தப் பத்து வரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. சட்டப் பேராசிரியர்களும் அரசுகள் அனுப்பிய சட்ட அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி அதை அவிழ்த்தார்கள். கோடிக்கணக்கானவர்களின் அலைச்சலைக் குறைத்த வேலை அது. அதற்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

சிக்கல் இதுதான். தென்காசியில் பிறப்பு இறப்புப் பதிவாளர் போட்ட கையெழுத்தைத் தமிழ்நாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பள்ளிக்கூடம் ஏற்கிறது, பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கிறது. அதே தாளை லிஸ்பன் நகராட்சியில் ஒரு கவுன்டரில் நீட்டினால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? தென்காசி என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு பதவி உண்டா, கையெழுத்து அவருடையதுதானா, முத்திரை அரசு முத்திரையா, தெருமுனையில் செய்த ரப்பர் ஸ்டாம்பா என்று எதையும் அவரால் சொல்ல முடியாது. அவர் சந்தேகப்படுவதில் தவறில்லை. அது அவர் கடமை.

இதற்கு உலகம் நெடுங்காலம் வைத்திருந்த மருந்து, கையெழுத்துக்குமேல் கையெழுத்து. பிரான்ஸில் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு நோட்டரி எழுதிய ஆவணம் வேறொரு நாட்டுக்குப் போகவேண்டும். நோட்டரியின் கையெழுத்து உண்மை என்று உள்ளூர் நீதிமன்றத் தலைவர் சொல்வார். நீதிமன்றத் தலைவரின் கையெழுத்து உண்மை என்று நீதி அமைச்சகம் சொல்லும். நீதி அமைச்சகத்தின் கையெழுத்துக்கு வெளியுறவு அமைச்சகம் பொறுப்பேற்கும். அந்த அமைச்சக அதிகாரியின் கையெழுத்தை, காகிதம் போகவேண்டிய நாட்டின் தூதரகம் சரிபார்த்து முத்திரை குத்தும். அதோடு முடிந்ததா என்றால், சில நாடுகளில் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்தபிறகு, தங்கள் தூதரின் கையெழுத்து உண்மைதான் என்று அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் ஒருமுறை சொல்லவேண்டும். படிக்குப் படி கட்டணம், படிக்குப் படி வரிசை.

தூதரகம் இருக்கும் தலைநகரில் வாழ்பவருக்கு இது தொந்தரவு. தொலைவில் இருப்பவருக்கோ பயணம், தங்கும் செலவு, வேலைநாள் இழப்பு எல்லாம் சேரும். கல்யாணம் தள்ளிப்போகும், வாரிசுச் சொத்து கைக்கு வராமல் கிடக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் இந்தத் தொல்லை பெருகியது. போரில் ஊரை இழந்தவர்கள் வேற்று நாடுகளில் வேர்விட்டுக் கொண்டிருந்தார்கள். சுரங்க வேலைக்கு ஆள் எடுக்க 1946இல் பெல்ஜியம் இத்தாலியோடு உடன்படிக்கை செய்தது. 1955இல் மேற்கு ஜெர்மனியும் இத்தாலியத் தொழிலாளர்களை அழைக்க ஒப்பந்தம் போட்டது. மனிதர்கள் எல்லை தாண்டியபோது அவர்களுடைய பிறப்பு, திருமண, மரணக் காகிதங்களும் எல்லை தாண்டவேண்டியிருந்தது. மனிதர்கள் ரயிலில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், காகிதங்கள் மேசைகளில் தங்கிவிட்டன.

இந்தச் சிக்கல் போய்ச் சேர்ந்த இடம் நெதர்லாந்தின் ஹேக் நகரம். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டோபியாஸ் அஸ்ஸர் என்ற சட்ட அறிஞர், ஒருவருடைய திருமணம், விவாகரத்து, உயில், காப்பாளர் உரிமை போன்றவற்றில் நாட்டுக்கு நாடு சட்டம் மோதும்போது எது செல்லும் என்பதை நாடுகள் கூடி முடிவு செய்யவேண்டும் என்று நம்பினார். டச்சு அரசைத் தூண்டி 1893இல் ஹேக் நகரில் முதல் மாநாட்டைக் கூட்டவைத்தார். 1911ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். குடும்பச் சட்டத்தைப் பற்றிப் பேசிய ஒருவருக்கு அந்தப் பரிசு போனது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. இரண்டு உலகப் போர்களும் அந்த மாநாடுகளைக் குலைத்தன. 1904க்குப் பிறகு அடுத்த அமர்வு 1925இல்தான் கூடியது. 1928க்குப் பிறகு 1951 வரை காத்திருக்க நேர்ந்தது. 1955இல் அந்த மாநாடு தனிச் சட்டவிதிகளோடு நிரந்தர அமைப்பாகி, ஹேக் நகரில் ஒரு செயலகமும் அமைந்தது.

அந்த அமைப்பின் மேசைக்கு, வெளிநாட்டு ஆவணங்களின் மேலொப்பப் பிரச்சினையைக் கொண்டுவந்தது ஐரோப்பிய கவுன்சில். 1960 அக்டோபரில் கூடிய ஒன்பதாவது அமர்வில் வரைவு முழுவடிவம் பெற்றது. அமர்வில் நடந்த விவாதங்களையும் ஒவ்வொரு விதிக்குமான காரணங்களையும் விளக்கி அறிக்கை எழுதியவர் பிரெஞ்சுச் சட்டப் பேராசிரியர் ஈவோன் லூசுவார்ன். ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லவேண்டிய இடங்களில் இன்றும் அந்த அறிக்கையைத்தான் புரட்டுகிறார்கள்.

அமர்வில் கூடியவர்கள் எல்லாரும் ஒரே சட்ட மரபிலிருந்து வந்தவர்கள் அல்ல. ஐரோப்பியக் கண்டத்து நாடுகளில் அரசு ஆவணமும் நோட்டரி ஆவணமும் தம்மளவிலேயே பெரிய சாட்சிகள். மறுப்பவர்தான் பொய் என்று நிரூபிக்கவேண்டும். அவ்வளவு வலு உள்ள காகிதம் என்பதால், வெளிநாட்டிலிருந்து வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க அவர்களுக்குத் தயக்கம். இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கே சட்டம் வெளிநாட்டுக் காகிதத்துக்குத் தூதரக முத்திரையைப் பெரிதாக வற்புறுத்தியதே இல்லை. ஆனால் இங்கிலாந்துக்காரர்களின் காகிதங்கள் கண்டத்தில் சிக்கித் தவித்தன. ஆக, சடங்கை அடியோடு ஒழித்துவிடலாமா, ஒழித்தால் போலிகளை எப்படித் தடுப்பது என்ற இரண்டு கவலைகளுக்கும் ஒரே பதில் தேவைப்பட்டது.

பதில் கிடைத்தது, அவர்கள் கேள்வியைச் சின்னதாக்கியபோது. தூதரக முத்திரை இவ்வளவு காலமாக எதைத்தான் உறுதிசெய்துகொண்டிருந்தது? ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு அதை மூன்றே அம்சங்களாகச் சொல்கிறது: கையெழுத்து உண்மையானதா, கையெழுத்திட்டவர் எந்தப் பதவியில் இருந்து அதைப் போட்டார், முத்திரை யாருடையது. தேவைப்பட்டது இந்த மூன்றும்தான். சான்றிதழில் எழுதியிருப்பது உண்மையா என்று தூதர் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை. தென்காசிப் பதிவேட்டை லிஸ்பன் தூதர் எங்கே போய்ப் புரட்டுவார்? தம்மிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு, தமக்கு முந்தைய படியில் நின்றவரைச் சரி என்று சொன்னார், அவ்வளவே.

அப்படியானால் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தவர் யார்? காகிதம் பிறந்த நாடு. தன் அதிகாரி யார், அவர் கையெழுத்து எது என்பது அந்த நாட்டுக்குத் தெரியும். ஆகவே அந்த நாடே ஓர் அதிகாரியை நியமித்து, அவர் ஒரே ஒரு சான்றை ஒட்டித் தரட்டும். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கக்கூடாது. இதுதான் 1961 ஒப்பந்தத்தின் சாரம். 5ஆம் பிரிவில் வரும் ஒரு வரி எனக்கு மிக அழகானது: அந்தச் சான்றின் மீதுள்ள கையெழுத்துக்கும் முத்திரைக்கும் வேறு எந்தச் சான்றும் தேவையில்லை. சான்று சொன்னவருக்குச் சான்று சொல்பவர் யார் என்று முடிவில்லாமல் நீண்டுகொண்டிருந்த சங்கிலி அந்த ஒரு வரியில் அறுந்தது.

அப்படியே அந்தரத்தில் விட்டுவிடவும் இல்லை. 7ஆம் பிரிவில் கைப்பிடி இருக்கிறது. அப்போஸ்டில் தரும் அலுவலகம் ஒரு பதிவேடோ அட்டைத் தொகுப்போ வைத்திருக்கவேண்டும். தந்த ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, ஆவணத்தில் கையெழுத்திட்டவர் பெயர், அவர் பதவி எல்லாம் அதில் ஏறவேண்டும். உலகின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும், கையில் உள்ள ஸ்டிக்கரும் பதிவேடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்லவேண்டும். எல்லாக் காகிதங்களையும் முன்கூட்டியே பல பேர் பார்ப்பதற்குப் பதிலாக, சந்தேகம் வந்த காகிதத்தை மட்டும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. அட்டைப் பெட்டிகளின் காலத்தில் இதை யோசித்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தோடு இணைத்த மாதிரிப் படிவத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். சதுரம், பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர். தலைப்பு பிரெஞ்சில்தான் இருக்கவேண்டும், எந்த நாடானாலும் சரி: அப்போஸ்டில் என்ற சொல்லும், அடைப்புக்குறிக்குள் 1961 அக்டோபர் 5 ஹேக் ஒப்பந்தம் என்பதும். கீழே உள்ளதை அவரவர் மொழியில் எழுதிக்கொள்ளலாம். முதல் வரியில் நாடு. இரண்டாவதில், இந்த ஆவணத்தில் கையெழுத்திட்டவர். மூன்றாவதில் அவர் வகிக்கும் பதவி. நான்காவதில் முத்திரை எந்த அலுவலகத்துடையது. ஐந்து ஊர், ஆறு தேதி, ஏழு சான்று தருபவர், எட்டு வரிசை எண், ஒன்பது முத்திரை, பத்து கையெழுத்து. வரிசை மாறாது. அதனால் ஜப்பானிய எழுத்து ஒன்றும் தெரியாத பாரிஸ் எழுத்தர், டோக்கியோவிலிருந்து வந்த சதுரத்தில் எட்டாம் எண்ணுக்கு எதிரே இருப்பது பதிவு எண் என்று கண்டுகொள்வார். மொழியைத் தாண்டிப் படிக்கக்கூடிய ஒரு படிவத்தை வரைந்ததில்தான் அந்தக் கூட்டத்தின் கைத்திறன் தெரிகிறது.

எந்தக் காகிதங்களுக்கு இது பொருந்தும் என்பதையும் வரையறுத்தார்கள். நீதிமன்றம் சார்ந்தவை, நிர்வாக அலுவலகங்கள் தருபவை, நோட்டரி ஆவணங்கள், தனியார் எழுதிய தாளின்மேல் ஓர் அதிகாரி இட்ட சான்றுகள். தூதரகங்களே எழுதித் தரும் ஆவணங்களையும், சுங்கம், வணிகம் நேரடியாகச் சம்பந்தப்பட்ட நிர்வாகக் காகிதங்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். தங்கள் தூதர்கள் பழைய பழக்கத்தில் மேலொப்பம் போட்டுக்கொண்டே இருந்துவிடாமல் தடுக்கும் பொறுப்பையும் 9ஆம் பிரிவு அரசுகளின் தலையில் வைத்தது.

1961 அக்டோபர் 5 அன்று ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அதே தேதியைத் தாங்கிய ஹேக் ஒப்பந்தங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று உயில்களின் வடிவம் பற்றியது, மற்றது சிறார் பாதுகாப்பு பற்றியது. மூன்று நாடுகள் உறுதிசெய்து அறுபது நாள் ஆனால் அப்போஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்பது விதி. 1962இல் யூகோஸ்லாவியா, 1964 ஆகஸ்டில் பிரிட்டன், அதே ஆண்டு நவம்பர் 25இல் பிரான்ஸ். கம்யூனிஸ்ட் நாடு ஒன்றும் மேற்கின் இரண்டு வல்லரசுகளும், பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒருவர் பதிவாளரை மற்றவர் நம்புவதாக ஒப்புக்கொண்டார்கள். 1965 ஜனவரி 24 முதல் அந்தச் சதுரம் உயிர்பெற்றது.

பிரிட்டனோடு அதன் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் பலவும் உள்ளே வந்தன. ஹாங்காங் 1965இலேயே இதில் சேர்ந்தது. சீனப் பெருநிலத்துக்கு இது வர 2023 நவம்பர் ஆகிவிட்டது. மொரீஷியஸும் பிஜியும் சுதந்திரம் பெற்றபோது ஒப்பந்தத்தைத் தொடர்ந்துகொண்டன. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அந்தத் தீவுகளில், தமிழ்நாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முந்தியே அப்போஸ்டில் புழக்கத்தில் இருந்தது. ஜப்பான் 1970, அமெரிக்கா 1981. அமெரிக்காவில் இதை ஒரே அலுவலகம் தருவதில்லை, ஒவ்வொரு மாநிலத்தின் செயலரும் தம் மாநிலக் காகிதங்களுக்குத் தருகிறார்.

இந்தியா 2004 அக்டோபரில் சேர்ந்தது. 2005 ஜூலை 14 முதல் இந்திய அப்போஸ்டில் செல்லுபடியானது. ஆனால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. புதிதாகச் சேரும் நாட்டை ஏற்க மறுக்கும் உரிமையைப் பழைய உறுப்பினர்களுக்கு 12ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது. பெல்ஜியம், பின்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்தும் இந்தியாவுக்கு ஆட்சேபம் தெரிவித்தன. நான்கு நாடுகள் பின்னால் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டன. ஜெர்மனி விலக்கவில்லை. திருமணத்துக்கோ குடும்ப விசாவுக்கோ நம் பிறப்புச் சான்றிதழ் அங்கே போகும்போது, ஆளை அனுப்பி ஊரில் விசாரித்து அறியும் தனிச் சரிபார்ப்பு நடப்பது இதனால்தான். இதை இந்தியர்மீதான அவமதிப்பு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் முழுதாக வரவில்லை. நம் பதிவேடுகள் நெடுங்காலம் இருந்த நிலை நமக்கே தெரியும். பிறந்து பல வருடம் கழித்து, பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் ஒரு தேதி சொல்லிப் பதிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கோபத்தைவிட, பதிவைச் சரிசெய்வதுதான் அந்த ஆட்சேபத்துக்குப் பதில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1956இல் கையெழுத்தாகி 1962இல் உறுதியான ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தன. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். அண்ணன் பாரிஸில், தம்பி முத்தியால்பேட்டையில் என்று குடும்பங்கள் இரண்டு நாட்டிலும் கால்வைத்தன. கல்யாணப் பதிவும் மரணப் பதிவும் கடல் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும் குடும்பங்கள் அவை. அங்கிருந்து பிரான்ஸுக்குப் போகும் ஒரு பிறப்புச் சான்றிதழின் முதுகில் இன்று இந்திய அரசு ஒட்டும் சதுரத்துக்கும் தலைப்பு பிரெஞ்சில்தான்.

இந்தியாவில் அப்போஸ்டில் தருவது வெளியுறவு அமைச்சகம் மட்டும். ஆரம்பத்தில் எல்லாக் காகிதமும் டெல்லி பாட்டியாலா ஹவுஸுக்குப் போகவேண்டியிருந்தது. 2019 ஜனவரியிலிருந்து சென்னை, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூரு உள்ளிட்ட 15 நகரங்களில் தருகிறார்கள். ஒரு காகிதத்துக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய். காகிதத்தை வாங்கிக் கொடுக்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இவ்வளவு மலிவான விஷயத்துக்கு ஏஜென்ட்கள் ஆயிரக்கணக்கில் ஏன் கேட்கிறார்கள் என்று பலருக்கும் வியப்பு. அந்தப் பணம் அப்போஸ்டிலுக்கு அல்ல, அதற்கு முன்னால் ஏறவேண்டிய படிகளுக்கு.

அதைப் புரிந்துகொள்ள, அப்போஸ்டில் ஆன ஒரு பொறியியல் டிகிரியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் வரியில் கையெழுத்திட்டவர் என்று பல்கலைக்கழகத் துணைவேந்தர் பெயர் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் அங்கே இருப்பது மாநில அரசின் கல்வித் துறை அதிகாரி ஒருவரின் பெயர். டெல்லிக்கு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகக் கையெழுத்துகளும் தெரியாது. மாநில அதிகாரியின் கையெழுத்துத்தான் தெரியும். ஆகவே முதலில் நோட்டரி, பிறகு டிகிரி உண்மைதானா என்று பல்கலைக்கழகச் சரிபார்ப்பு, பிறகு கோட்டையில் உயர்கல்வித் துறை, அதாவது எல்லாரும் சொல்லும் எச்.ஆர்.டி. அட்டஸ்டேஷன். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு மாநில உள்துறை அல்லது பொதுத் துறை. கம்பெனிக் காகிதங்களுக்கு வர்த்தக சபை. அதற்கப்புறம்தான் அந்த 50 ரூபாய் ஸ்டிக்கர்.

1961இல் அறுந்தது எல்லைக்கு அப்பால் இருந்த சங்கிலி. எல்லைக்குள் எத்தனை படி வைத்துக்கொள்வது என்பதை ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இதை நாம் மறந்துவிடுகிறோம். ராஜபாளையத்தில் படித்த பிள்ளை சென்னைக்கு இரண்டு தடவை பஸ் ஏறுவதற்கு ஹேக் நகரம் காரணம் அல்ல.

அந்தப் படிகள் எதற்கும் அர்த்தமில்லை என்றும் சொல்லமாட்டேன். அப்போஸ்டிலின் பலவீனம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. அது காகிதத்தில் எழுதியிருப்பதற்குச் சாட்சி சொல்வதில்லை. இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஒருவர் நகலெடுத்து நோட்டரியிடம் கொடுக்கிறார். நோட்டரி நகல் என்று கையெழுத்திடுகிறார். சில நாடுகளில் அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு அப்போஸ்டில் கிடைத்துவிடும். ஸ்டிக்கர் உண்மை, நோட்டரி உண்மை, பட்டம் பொய். போலிப் பட்டக் கடைகள் இந்த இடைவெளியில் பிழைப்பு நடத்தியிருக்கின்றன. ஹேக் அமைப்பே இதுபற்றி நாடுகளை எச்சரித்திருக்கிறது. "அப்போஸ்டில் ஆயிடுச்சு, இனி ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொல்லும் ஏஜென்டை நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இங்கே உண்டு. நம் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் வெறும் முருகேசன், மார்க்‌ஷீட்டில் எஸ். முருகேசன், பாஸ்போர்ட்டில் முருகேசன் சுப்பையா. முதல் இரண்டிலும் அப்போஸ்டில் ஒட்டிவிடலாம், இரண்டும் செல்லும். ஆனால் மூவரும் ஒரே ஆள் என்று அந்த ஸ்டிக்கர் சொல்லாது. அதற்குத் தனியே பிரமாணப் பத்திரம் எழுதவேண்டும், இல்லையென்றால் பெயரையே திருத்தவேண்டும். வெளிநாடு போகும் எண்ணம் வந்ததும் முதலில் செய்யவேண்டியது எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து பெயரை ஒப்பிடுவது. இன்னொன்றும் சொல்லவேண்டும். மார்க்‌ஷீட் கிழிந்துவிடக்கூடாதே என்று அக்கறையாக லேமினேட் செய்துவைக்கும் பெற்றோர் நம்மிடம் நிறைய. ஸ்டிக்கரும் மையும் முத்திரையும் தாளின்மேல் படவேண்டும். பிளாஸ்டிக்கின்மேல் அவை நிற்காது.

காகிதம் இந்தியாவை நோக்கி வரும்போதும் இந்த ஒப்பந்தம் உதவுகிறது. டொரன்டோவில் இருக்கும் அண்ணன், கும்பகோணம் வீட்டை விற்கத் தம்பிக்குப் பவர் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடா நெடுங்காலம் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தது. நோட்டரியிடம் கையெழுத்திட்டு, கனடா அரசிடம் சான்று வாங்கி, பிறகு இந்தியத் தூதரகத்தில் நிற்கவேண்டியிருந்தது. 2024 ஜனவரி 11 முதல் கனடாவும் உள்ளே. நோட்டரி கையெழுத்தின்மேல் ஒன்டாரியோ மாகாண அரசின் அப்போஸ்டில் ஒன்றே போதும் என்ற நிலை வந்தது. பவர் பத்திரம் கூரியரில் தம்பி கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்திவிடவேண்டும் என்பது நம் சட்டம். அதைத் தவறவிட்டால் அப்போஸ்டில் காப்பாற்றாது.

இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. சிங்கப்பூர் 2021இல் வந்தது, சவுதி அரேபியா 2022 டிசம்பரில், வங்கதேசம் 2025 மார்ச்சில். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலரை வாங்கிக்கொள்ளும் ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை இன்னும் வெளியே நிற்கின்றன. துபாய்க்குப் போகும் நர்ஸின் சான்றிதழ் பழைய வழியிலேயே எம்.இ.ஏ. என்ற நம் வெளியுறவு அமைச்சகம், பிறகு எம்பஸி, அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று ஏறி இறங்குகிறது. ஊரில் ஒரே ஏஜென்ட் அலுவலகத்தில், ஒருவருக்கு அப்போஸ்டில், பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு எம்பஸி அட்டஸ்டேஷன். முதலாமவருக்கு ஆகும் செலவையும் நாளையும் இரண்டாமவருக்கு ஆவதோடு ஒப்பிட்டால், 1960இல் ஹேக் நகரில் கூடியவர்கள் என்ன சாதித்தார்கள் என்பது ரூபாய்க் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

சதுரமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2006இல் ஹேக் அமைப்பு மின் அப்போஸ்டிலுக்கான திட்டத்தைத் தொடங்கியது. பல நாடுகளில் இப்போது சான்றையே மின்னணுக் கையெழுத்தோடு கோப்பாக அனுப்புகிறார்கள். 7ஆம் பிரிவு சொன்ன அட்டைப்பெட்டி, எண்ணைத் தட்டினால் திறக்கும் இணையப் பதிவேடாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி போய், தன் உறுப்பு நாடுகளுக்கிடையே பிறப்பு, திருமணம், குற்றப்பதிவின்மை போன்ற காகிதங்களுக்கு அப்போஸ்டிலே வேண்டாம் என்று 2019 பிப்ரவரியிலிருந்து சொல்லிவிட்டது. இந்தச் சிக்கலை ஹேக் நகரத்துக்கு அனுப்பிவைத்த அதே கண்டம்.

இந்தியாவில் இதற்கு ஈடான முயற்சி இ-சனத். தேசியத் தகவல் மையத்தின் துணையோடு வெளியுறவு அமைச்சகம் 2017இல் சி.பி.எஸ்.இ. சான்றிதழ்களோடு இதை ஆரம்பித்தது. சான்றிதழ் தந்த அமைப்பு தன் ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவைத்திருந்தால், விண்ணப்பிப்பவர் எங்கும் போகவேண்டியதில்லை. ஆன்லைனிலேயே விண்ணப்பம், ஆன்லைனிலேயே சரிபார்ப்பு, அப்போஸ்டில் ஆன தாள் தபாலில் வீட்டுக்கு வரும். நோட்டரி, கோட்டை, ஏஜென்ட் என்ற படிகளுக்கு அங்கே வேலையில்லை. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழை இப்போதே கியூஆர் குறியோடு வீட்டிலிருந்து இறக்கிக்கொள்ள முடிகிறது. நம் பல்கலைக்கழகங்களும் தேர்வுத் துறையும் பழைய ஆண்டுகளின் பட்டங்கள், மதிப்பெண் பட்டியல்கள் வரை எல்லாவற்றையும் அந்தப் பதிவில் ஏற்றவேண்டும். ஏற்றுவதற்கான வழி, சட்டம், கணினி மூன்றும் கையில் இருக்கின்றன. ராஜபாளையத்துப் பிள்ளை ஏறும் அந்த இரண்டு பஸ்களும் இதனால் மிச்சமாகும்.